எம்.சி.க்கு எம்.சி.

வாணியின் குரல் கேட்காமல் கிள்ளானில் மாப்பிள்ளையும் பெண்ணும் விருந்து மேடை ஏற மாட்டார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. அப்படிச் சொல்கிறவர்களில் முக்கால்வாசிப் பேர் அவளுடைய சொந்தக்காரர்கள்தான். ஆனாலும் பொய்யில்லை. திங்கள் முதல் வெள்ளி வரை பிரிக்ஃபீல்ட்ஸில் ஓர் இன்சூரன்ஸ் அலுவலகத்தில் போன் எடுக்கும் வேலை. சனி, ஞாயிறு வந்தால் பட்டுச்சேலையும் மைக்குமாக அவள்தான் எம்.சி. மலேசியாவில் கல்யாண விருந்தை நடத்திக்கொடுக்கும் அறிவிப்பாளருக்கு அதுதான் பெயர். பதினெட்டு வருஷமாகக் காலில் சக்கரம் கட்டிக்கொண்டு ஓடினாள். டெங்கில், ஜெஞ்சாரோம் என்று எங்கிருந்து கூப்பிட்டாலும், கேள்வி முடிவதற்குள் முடியும் என்று பதில் வந்துவிடும்: "கேன் லா!"

மேடையில் அவள் பேச்சு அவ்வளவு இதம். பெண்ணின் சித்தப்பா பாட்டைச் சொதப்பித் தள்ளினாலும், "ஆகா, மனசுலேர்ந்து பாடினாரு!" என்று கைதட்டு வாங்கிக் கொடுப்பாள். தானே ஒரு பெயரை மாற்றிச் சொல்லிவிட்டால் மட்டும் தொலைந்தது. கணவன் சுகுமாறன் காரை ஓட்ட, வீடு போய்ச் சேரும் வரை தன்னைத்தானே கரித்துக்கொட்டுவாள். "மடச்சி, இத்தனை வருசத்துல என்னத்த கிழிச்ச?" ஊரில் அத்தனை பேருக்கும் மன்னிப்பு உண்டு, இவள் ஒருத்திக்கு மட்டும் கிடையாது. என்ன நியாயமோ!

தொண்டையும் எத்தனை நாளைக்குத்தான் பொறுக்கும்? ஒரு திங்கட்கிழமை காலை அலுவலகத்தில் போனை எடுத்து "வணக்கம்" என்றாள். வெறும் காற்றுதான் வந்தது.

டாக்டர் கமலநாதன் மூக்கு வழியாகக் கேமரா விட்டுப் பார்த்தார். குரல்நாணில் இரண்டு சின்னக் காய்ப்புகள். "பத்து நாளைக்கு வாயே திறக்கக்கூடாது. கிசுகிசுன்னுகூடப் பேசக்கூடாது. இப்ப விட்டுட்டீங்கன்னா ஆபரேசன் வரைக்கும் போயிடும். அப்புறம் பழைய குரல் வரும்னு நான் கேரண்டி கொடுக்க முடியாது" என்று சொல்லிவிட்டு, பத்து நாளைக்கு எம்.சி. எழுதிக்கொடுத்தார். மருத்துவ விடுப்புச் சீட்டுக்கும் இந்த ஊரில் எம்.சி. என்றுதான் பெயர்.

"எம்.சி.க்கே எம்.சி.யா!" என்று அவரே சொல்லிச் சிரித்துக்கொண்டார். வாணிக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தச் சனிக்கிழமை காப்பாரில் எண்ணூறு பேர் விருந்து இருந்தது.

இரண்டு நாள் தள்ளிப்போட்டாள். முடியாது என்று யாரிடமும் சொல்லிப் பழக்கமில்லை. தன்னால் சொல்ல முடியாததைச் சீட்டே சொல்லிவிடட்டும் என்று, புதன்கிழமை சாயங்காலம் பெண்ணின் அண்ணன் பிரவினுக்கு வாட்ஸ்அப்பில் தட்டினாள்: "தம்பி, சனிக்கிழமை எனக்கு எம்.சி."

உடனே பதில் வந்தது. "ஆமாக்கா! ஆறரைக்கு வந்துடுங்க லா."

வாணிக்குத் தூக்கிவாரிப்போட்டது. மறுபடி தட்டினாள்: "இல்ல தம்பி, எனக்கு எம்.சி. கொடுத்திருக்காங்க."

"உங்களுக்குத் துணைக்கு இன்னொரு எம்.சி.யா? சூப்பர்க்கா! கூட்டிட்டு வாங்க!"

வாங்கிப் படித்த சுகுமாறன் விழுந்து விழுந்து சிரித்தான். அவளோ போனைப் பிடுங்கிக்கொண்டு யோசனையில் ஆழ்ந்தாள். பாவம், பையன் நம்பிக்கொண்டிருக்கிறான். கேக் வெட்டும்போது மட்டும் ஒரு பத்து நிமிஷம் பேசினால் என்ன? விரல் அதற்குள் "கேன்" என்று தட்டிவிட்டிருந்தது. அனுப்புவதுதான் பாக்கி.

வாய் மூடிக் கிடந்த இந்த மூன்று நாளில் அவளுக்குள் ஒரு குரல் மட்டும் ஓயவேயில்லை. ஒரு விருந்துக்குப் போகத் துப்பில்லை, உடம்பை வைத்து நாடகம், எல்லாரையும் தவிக்க விடுகிறாய் என்று ஒரே ஏச்சு. இத்தனை காலம் தன் பேச்சுச் சத்தத்தில் அதை அவள் சரியாகக் கேட்டதில்லை. இப்போது ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்டது. மேடையில் வேறு யாரையாவது ஒருத்தி இப்படி ஏசியிருந்தால், வாணி அவள் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கியிருப்பாள்.

தட்டியதை அழித்தாள். முதலில் பிரிக்ஃபீல்ட்ஸ் எம்.சி. குகனுக்குச் செய்தி போட்டுக் கேட்டாள். அவன் வருவதாகச் சொன்னான். பிறகு பிரவினுக்கு எழுதினாள்: "தம்பி, எனக்குக் குரல் போயிடுச்சு. சனிக்கிழமை என்னால வர முடியாது. குகன் வருவாரு. நல்லா செய்வாரு."

அடுத்த நிமிஷமே போன் அலறியது. பிரவின்தான். சுகுமாறன் எடுத்து ஸ்பீக்கரில் போட்டான். "அண்ணே, அம்மா எல்லார்கிட்டயும் வாணி அக்காதான்னு சொல்லி வச்சிருக்காங்க. கேக் வெட்டுற நேரம் மட்டும், பத்தே நிமிசம்ணே!"

சுகுமாறன் அவளைப் பார்த்தான். அவள் இல்லை என்று தலையாட்டினாள். அவன் தயங்குவதைப் பார்த்து, இன்னும் அழுத்தமாக ஆட்டினாள்.

"அவங்களால முடியாது தம்பி" என்றான் அவன்.

சனிக்கிழமை விருந்து முடிவதற்குள்ளேயே வீடியோ வந்தது. குகன் மாப்பிள்ளை பெயரை மாற்றிச் சொல்ல, மண்டபமே சிரித்தது. மாப்பிள்ளையும் சிரித்தான். குடி ஒன்றும் முழுகிப் போய்விடவில்லை. தான் இல்லாமலும் நடந்துவிட்டதே என்று வாணிக்குக் கண் கலங்கியது உண்மைதான். கொஞ்ச நேரத்தில் அதுவே பெரிய நிம்மதியாகவும் இருந்தது. பல வருஷத்துக்குப் பிறகு ஒரு சனிக்கிழமை ராத்திரி வீட்டில் தோசையைச் சூடாகத் தின்றாள்.

பதினோராம் நாள் டாக்டர் கேமராவை எடுத்துவிட்டு, "காய்ப்பு நல்லா வத்தியிருக்கு" என்றார். "இனிமே மாசத்துக்கு நாலு விருந்து செய்யலாம். அதுக்கு மேல போகக்கூடாது. எங்க, பேசுங்க பார்ப்போம். நாலு சரிதானே?"

வாணி தொண்டையைச் செருமவில்லை. சத்தம் கொஞ்சம் கம்மியாக வந்தது, ஆனால் அவளுடைய குரல்தான்.

"ரெண்டு போதும், டாக்டர்."