பின்னால் வந்த பஸ்

பிள்ளைகளே, என் மகன் குமாருக்கு முப்பது வயது. எதையும் மெதுவாகத்தான் விளங்கிக்கொள்வான். நான் சொன்னால் அப்படியே கேட்பான். அவனையும் அவனைப் போன்ற நண்பர்களையும் பேராதனைப் பூங்காவுக்குக் கூட்டிப் போனோம். கண்டி பஸ் நிலையத்தில், "இங்கேயே நில்லு, அசையாத" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் வாங்கப் போனேன்.

திரும்பிப் பார்த்தால், ஒரு பஸ் பின்னோக்கி நகர்ந்து அவனை நெருங்குகிறது! "தள்ளிப் போ, தள்ளிப் போ!" என்று கண்டக்டர் கத்துகிறார். குமார் காதைப் பொத்திக்கொண்டு அங்கேயே நிற்கிறான். நான் அவனை நோக்கி ஓடினேன்.

பக்கத்தில் நின்ற அவனுடைய நண்பன் பாசில், குமாரின் கையைப் பிடித்தான். "குமாரு, அப்பாகிட்ட போவோம், வா." குமார் உடனே வந்துவிட்டான். அவன் நின்ற இடத்தில் வந்துதான் பஸ் நின்றது.

"அசைஞ்சிட்டேன்ப்பா. பாசிலை ஏசாதீங்க" என்றான் குமார்.

இப்போதெல்லாம் நான் அவனை நிறுத்திவிட்டுப் போவதில்லை. "தண்ணி வாங்கப் போறேன், கூட வர்றியா?" என்று கேட்கிறேன்.