சிவப்பு நூல் கட்டிய பன்னிரண்டு சாடிகள்

அக்காவைப் பற்றி எழுதத் தகுதியானவர்கள் படித்தவர்கள்தான். ஆய்வுகூடத்தில் அவரோடு இருந்தவர்கள் இந்த நினைவு மலரின் மற்றப் பக்கங்களில் எழுதியிருக்கிறார்கள். நான் சாதாரண தரப் பரீட்சையோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். வெள்ளவத்தையில் முப்பது வருடமாக முச்சக்கரவண்டி ஓட்டுகிறவன். என்னுடைய படிப்பெல்லாம் பின் சீற்றில் இருந்து வருகிறவர்கள் சொல்லிவிட்டுப் போனதுதான். ஆனாலும் அக்காவுக்கு நான் ஒரே தம்பி. அதோடு, உங்கள் எல்லோருக்கும் நான் ஒரு விடயம் சொல்லியாக வேண்டும். அக்காவின் முப்பத்தோராம் நாள் சாப்பாட்டுக்கு வந்திருக்கிறவர்களிடம் ஒவ்வொருவராகப் போய்ச் சொல்ல என்னால் ஏலாது. அதனால் எழுதுகிறேன்.

அக்கா பிறந்தது கொட்டாஞ்சேனையில், இரண்டு அறை வாடகை வீட்டில். அப்பா யாழ்ப்பாணத்தில் இருந்து வந்து கொச்சிக்கடைப் பக்கம் ஒரு பண்டகசாலையில் வேலை செய்தவர். ஒரு அறையில் நாங்கள் நாலு பேர். மற்றதில் அப்பாவின் சைக்கிளும், அரிசி மூட்டையும், கொழும்புக்கு வேலை தேடி வந்த யாராவது ஒரு சொந்தக்காரரும். ஒருமுறை எனக்குக் காய்ச்சல் வந்தபோது அம்மா நிலவேம்பு அவித்துத் தந்தார். முதல் வாரம் குடித்துவிட்டேன். அடுத்த வாரம் கடையில் புதிதாக வாங்கி அவித்த அதே மருந்தைத் துப்பிவிட்டேன், அவ்வளவு கைப்பு. அம்மா எனக்கு ஒரு அடி போட்டார். அக்கா அந்தக் கோப்பையில் விரலை விட்டு நக்கிப் பார்த்தார். பிறகு இரண்டு வாரத்திலும் மிச்சம் இருந்த காய்ந்த செடியை எடுத்துக்கொண்டு நாட்டு மருந்துக் கடைக்குப் போய், இரண்டும் ஒரே செடியா என்று கேட்டார். கடைக்காரர், "செடி ஒன்னுதான் பாப்பா, வந்த மண்ணு வேற" என்று சொல்லியிருக்கிறார். அப்போது அக்காவுக்குப் பதினொரு வயது. அந்தக் கேள்வியை அவர் அறுபத்து மூன்று வயது வரைக்கும் விடவில்லை.

கலவரத்தில் கொட்டாஞ்சேனை வீடு போனது. இரண்டு வாரம் முகாமில் இருந்தோம். பிறகு வெள்ளவத்தையில் மாமா ஒரு அறை தந்தார். அக்காவின் புத்தகம் ஒன்றும் மிஞ்சவில்லை. சிநேகிதிகளின் கொப்பிகளை இரவல் வாங்கிப் படித்து உயர்தரப் பரீட்சை எழுதி, பல்கலைக்கழகம் போய், ஒரு ஆராய்ச்சி நிலையத்தில் உதவியாளராகச் சேர்ந்தார். நான் அந்த வயதில் வேலைக்குப் போனேன். அதில் எனக்கு வருத்தம் இல்லை. வீட்டில் ஒருவர் படித்தால் போதும் என்று நான் சொல்லும் போதெல்லாம் அக்கா, "உன்னைப் படிக்கவேண்டாம் எண்டு ஆர் மறிச்சது? கள்ளன்" என்பார். கல்யாணம் இரண்டு தடவை பேசினார்கள், சரிவரவில்லை. அதற்கு மேல் எழுதினால் அவருக்குப் பிடிக்காது.

வேலை என்றால் மண் சுமப்பது. மருந்துச் செடிகளைக் காட்டில் பிடுங்கிக்கொண்டே போனால் ஒரு நாள் இல்லாமல் போகும், தோட்டத்தில் பயிராக வளர்த்தால் கமக்காரனுக்கும் பிழைப்பு, ஆனால் எந்த மண்ணில் வளர்த்தால் மருந்து மருந்தாக இருக்கும் என்று தெரிய வேண்டுமே. இதுதான் அவருடைய ஆராய்ச்சி என்று நான் விளங்கிக்கொண்டேன். பிழையென்றால் மற்றப் பக்கங்களைப் பாருங்கள். யாழ்ப்பாணத்துச் செம்மண்ணைச் சீமெந்துப் பையில் கட்டி பஸ்ஸில் வரவழைப்பார். நான் போய் ஏற்றிவருவேன். யுத்த காலத்தில் ஒரு சோதனைச் சாவடியில் பையை அவிழ்க்கச் சொன்னார்கள். மண்ணுக்குள் கம்பியை விட்டுக் குத்திப் பார்த்த இளம் சிப்பாய்க்கு நம்பவே முடியவில்லை. மண்ணை யார் காவிக்கொண்டு திரிவார்கள்? அக்கா இறங்கி நின்று, சிங்களத்தில், செடி எப்படி வேரால் மண்ணை ருசி பார்க்கிறது என்று கால் மணி நேரம் விளங்கப்படுத்தினார். பின்னால் வாகனங்கள் ஹோர்ன் அடிக்கத் தொடங்கிவிட்டன. கடைசியில் அந்தச் சிப்பாய், தன் அம்மாவுக்குச் சீனி வருத்தம், என்ன இலை கொடுக்கலாம் என்று கேட்டான். தான் செடிகளுக்குத்தான் டொக்டர், அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போ மல்லி, அதாவது தம்பி, என்று சொல்லிவிட்டு ஏறிவிட்டார். எங்கள் தொடர்மாடியின் லிஃப்டில் இலையைக் காட்டி மருந்து கேட்ட உங்களில் பலருக்கும் இதே பதில்தான் கிடைத்திருக்கும்.

நான் பழமொழிப் பைத்தியம். வண்டியில் ஏறுகிற மட்டக்குளி மீன்காரரும் சரி, கோயிலுக்குப் போகிற ரீச்சரும் சரி, ஒன்று சொன்னால் அன்றைக்கே அக்காவிடம் கொண்டுபோவேன். அவர் அதைச் சோதனைக்குப் போடுவார். அகல உழுவதிலும் ஆழ உழு என்றால், "எந்த மண்ணை? மேல்மண் நாலு விரல் தடிப்பு எண்டால் ஆழ உழுதவன் கெட்டான்" என்பார். விளையும் பயிர் முளையிலே தெரியும் என்பதற்கு அவரிடம் அரை மணி நேர மறுப்பு இருந்தது. ஒரு பழமொழியையும் சும்மா விட்டதில்லை. வாயை மூடடா என்று ஒரு நாளும் சொன்னதுமில்லை.

அவருடைய குணத்துக்கு ஒன்று மட்டும் சொல்கிறேன். நடுவயதில், ஒரு பெரிய பரிசோதனையின் முடிவில், நிழலில் உலர வேண்டிய இலைகளை ஒரு மத்தியானம் வெயிலில் மறந்து விட்டுவிட்டார். யாரும் காணவில்லை. மேலதிகாரியே பரவாயில்லை என்றிருக்கிறார். அக்கா அதை அறிக்கையில் எழுதினார். வேலை முழுவதையும் திரும்பச் செய்ய ஒரு வருடம் போனது, வர இருந்த பதவி உயர்வு இன்னொருவருக்குப் போனது. அப்பா அன்றைக்குச் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளிவிட்டு, ஊரில் எல்லாரும் கெட்டிக்காரர், என் வீட்டில்தான் அரிச்சந்திரன் பிறந்திருக்கிறது என்றார். அக்கா கோப்பையைத் திரும்ப இழுத்து அவர் முன்னால் வைத்தார்.

ஓய்வு பெற்ற பிறகு ஆராய்ச்சி எங்கள் மாடிவீட்டு மொட்டை மாடிக்கு வந்தது. இருபத்து நாலு சாடிகள். செம்மண்ணில் எட்டு, மலைநாட்டு மண்ணில் எட்டு, கடற்கரை மணல் கலந்ததில் எட்டு. எல்லாவற்றிலும் நிலவேம்பு. மழை படாமல் மேலே கண்ணாடித் தகடு. ஒவ்வொரு மண்ணிலும் நாலு சாடிக்குச் சிவப்பு நூல் கட்டியிருந்தார். நூல் கட்டாததற்குத் தினமும் தண்ணீர். கட்டியதற்கு நாலு நாளைக்கு ஒருமுறை, ஒரு சின்னக் கோப்பை மட்டும். தாகத்தில் செடி தன்னைக் காப்பாற்றிக்கொள்ளக் கைப்பைக் கூட்டுகிறதா, எந்த மண்ணில் எவ்வளவு கூட்டுகிறது, எந்த மண் தாகத்தைத் தாங்க விடுகிறது? இதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவரோடு இருபது வருடம் வேலை செய்த குசும் மிஸ் தெமட்டகொடையில் தன் வீட்டு முற்றத்திலும் ஆறு சாடி வைத்திருந்தார். பூக்கத் தொடங்கும் வாரத்தில் இருவரும் சேர்ந்து வெட்டுவதாக இருந்தது.

அந்த வாரத்துக்கு முன்னால்தான் அக்காவுக்கு நெஞ்சு நோ வந்தது. மொட்டை மாடியில் இருந்து தானே இறங்கிவந்து, தம்பி, ஓட்டோவை எடு என்றார். காலி நகருக்குப் போகும் காலி வீதியில் நல்ல நெரிசல். பின்னால் இருந்து இரண்டே விடயம்தான் சொன்னார். ஒன்று, அம்மாவின் காது மருந்து முடிந்துவிட்டது. மற்றது, "சிவப்பு நூல் சாடிக்கு இரக்கப்பட்டுத் தண்ணி ஊத்திப்போடாதை." மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் அக்கா போய்விட்டார்.

செத்தவீடு எப்படி நடந்தது என்று உங்களுக்குத்தான் என்னைவிடக் கூடத் தெரியும். நான் கதிரை அடுக்கினேன். தேநீருக்குப் பால்மா வாங்கினேன். பாதர் ஒருவர், பிக்கு ஒருவர், கோயில் ஐயர் ஒருவர், மூவரையும் ஒரே வாங்கில் இருத்தினேன். அழுகை வரவில்லை. இப்போதும் வரவில்லை. யாரோ சிலர் மேலே போய்ச் சாடிகளைப் பார்த்துவிட்டு வந்து, அவ போனதோட செடியும் தலையைத் தொங்கப் போட்டுட்டுது என்று கதைத்தது காதில் விழுந்தது.

அடுத்த நாள் காடாத்தி, சாம்பலைக் கடலில் கரைத்துவிட்டு வந்தோம். வீட்டில் செய்ய ஒரு வேலையும் இல்லை. செத்த வீட்டில் கையைச் சும்மா வைத்திருக்காதே, மனம் வந்து பிடித்துக்கொள்ளும் என்று வண்டியில் வந்த ஒரு கிழவர் சொன்னது எனக்கு நினைவு. மேலே போனேன். சிவப்பு நூல் கட்டிய பன்னிரண்டும் தொங்கிப்போய் நின்றன. வாளியை நிரப்பி ஊற்றினேன். அடுத்த நாளும் போய் ஊற்றினேன். தெரியாமல் செய்தேன் என்று எழுதினால் வாசிக்க நன்றாக இருக்கும். நூலைப் பார்த்துக்கொண்டுதான் ஊற்றினேன்.

மூன்றாம் நாள் மாமி மேலே போனவர், இறங்கி ஓடிவந்து எல்லாரையும் கூப்பிட்டார். செடிகள் நிமிர்ந்து நின்றன. பிள்ளை வந்து தண்ணீர் விட்டிருக்கிறாள் என்றார்கள். அக்கா போனதில் இருந்து பச்சைத் தண்ணீர்கூட வாயில் வைக்காத அம்மாவைக் கதிரையோடு தூக்கிப் போனோம். அம்மா ஒரு இலையைத் தடவிப் பார்த்தார். கற்பூரம் கொளுத்தினார்கள். கீழே வந்து அம்மா சோறு கேட்டார். இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டார். அதைப் பார்த்துக்கொண்டு நான் வாயைத் திறப்பேனா? தொலைபேசியில் லண்டனுக்கும் கனடாவுக்கும் கதை போனது. உங்களில் பலர் எட்டாம் நாள் எட்டுச் செலவுக்கு வந்து மேலே போய்க் கும்பிட்டீர்கள்.

பத்தாம் நாள் குசும் மிஸ் கத்தரிக்கோலும் கடதாசிப் பைகளும் கொண்டு வந்தார். அம்மா தானும் வரவேண்டும் என்று மேலே வந்து இருந்தார். மற்ற இரண்டு மண்ணிலும் சிவப்பு நூல் செடிகள் திரும்ப வாடத் தொடங்கியிருந்தன. குசும் மிஸ் செம்மண்ணில் நூல் கட்டிய சாடிகளுக்கு முன்னால் குந்தி, இலைகளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். முகம் மலர்ந்தது. அக்கா போன பிறகு அந்த வீட்டில் நான் கண்ட முதல் சந்தோசம் அது.

"இங்க பாருங்க மல்லி. இவ்வளவு தாகத்திலயும் இந்த மண்ணில செடி நிக்குது. இதைத்தான் அக்கா தேடினது. அக்கா பேரில பெரிசா வரும்."

அக்காவின் கொப்பியைத் திறந்து அதை எழுதப் பேனையை எடுத்தார். அக்காவின் கையெழுத்து ஆஸ்பத்திரிக்குப் போன காலையோடு நின்றிருந்தது. அதற்குக் கீழே வெறும் கோடுகள். நான் பேசாமல் இருந்தால் அக்காவின் பெயர் பெரிதாக வரும், அம்மாவும் சாப்பிடுவார். ஒருவருக்கும் ஒரு நட்டமும் இல்லை. ஆனால் எங்கேயோ ஒரு கமக்காரன் அதை நம்பி, தாகத்துக்குச் செம்மண் போதும் என்று காணி முழுக்க நடுவான்.

"எழுதாதேங்கோ மிஸ். நான்தான் தண்ணி ஊத்தினனான்."

குசும் மிஸ் பேனையை மூடினார். கோபிக்கவில்லை. சிவப்பு நூல் பன்னிரண்டும் கணக்கில் வராது, தன் வீட்டு ஆறு சாடியை வைத்துத்தான் எழுத வேண்டும் என்றார். "சின்னதாப் போகும் மல்லி. பொய்யாப் போகாது." பிறகு, எந்தச் சாடிக்கு, எந்த நாள், எவ்வளவு தண்ணீர் என்று சரியாகத் தெரிந்தால் அந்த இலைகளையும் வீசாமல் தனியாக வைத்துப் பார்க்கலாம் என்றார்.

நான் அம்மாவின் பக்கம் திரும்பவில்லை. காது மட்டான அவருக்குக் கேட்டிருக்காது என்று நினைத்தேன். கேட்டிருந்தது.

"எவ்வளவு ஊத்தினனீ?" என்றார்.

முதல் நாள் ஒரு வாளி, அடுத்த நாள் அரை வாளிக்கு மேல் என்றேன்.

அம்மா ஓரத்துச் சாடி ஒன்றைக் கையால் தொட்டார். பிறகு, "நானும் ஒரு செம்பு ஊத்தினனான். கற்பூரம் காட்டின அண்டைக்கு, இந்தக் கரைச் சாடிக்கு. அதையும் எழுதச் சொல்லு" என்றார்.

குசும் மிஸ் எழுதினார். அன்று இரவு அம்மா சாப்பிடவில்லை. அடுத்த நாள் பாதி சாப்பிட்டார். இப்போது ஒருவாறு சாப்பிடுகிறார். செடி நிமிர்ந்த கதையை அவர் பிறகு யாருக்கும் சொல்லவில்லை. யாராவது எடுத்தால், அது தம்பி ஊத்தினது என்று சொல்லிவிட்டு மற்றக் கதைக்குப் போகிறார்.

அக்காவை ஆஸ்பத்திரியில் மூன்று நாள் பார்த்த டொக்டர்மாருக்கும் தாதியருக்கும், காலி வீதியில் எங்களுக்கு வழி விட்ட முகம் தெரியாத ஓட்டுநர்களுக்கும், செத்தவீட்டு நாளெல்லாம் அடுப்பை எங்களை மூட்டவிடாமல் சமைத்து அனுப்பிய நாலாம் மாடி, இரண்டாம் மாடி வீட்டாருக்கும், அவரைச் சுமந்தவர்களுக்கும், கிரியைகளைச் செய்துவைத்த ஐயர்மாருக்கும், மலர் அச்சிட்டவர்களுக்கும், கடல் கடந்து நின்று அழுதவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. குசும் மிஸ்ஸுக்கு நன்றி சொன்னால் அவர் திட்டுவார், ஆனாலும் சொல்கிறேன்.

இனி உங்களிடம் ஒரு கேள்வி. அந்த நாட்களில் மேலே போய்க் கும்பிட்டவர்களில் யாராவது சாடிக்குத் தண்ணீர், பால், இளநீர் ஏதாவது ஊற்றியிருந்தால் தயவுசெய்து வந்து எனக்குச் சொல்லுங்கள். அன்பினால் செய்தது என்று எங்களுக்குத் தெரியும். யாரும் கோபிக்க மாட்டோம். கொப்பி வீட்டில் மேசையில் இருக்கிறது, பக்கத்தில் பேனையும் இருக்கிறது. எந்த நாள், எந்தச் சாடி, ஒரு செம்பா, அரைச் செம்பா என்று நினைவில் உள்ளபடி எழுதிவிட்டுப் போங்கள்.