வேது பிடித்த வீடு

அந்தப் பனிக்காலம் மாதிரி இன்னொண்டு வேண்டவே வேண்டாம். இரண்டாயிரத்தின்ரை தொடக்க வருசங்கள். நோர்வேயிலை கரண்ட் வாறது தண்ணியிலையிருந்து. அந்த வருசம் மழை பொய்ச்சுப் போக, கரண்ட் விலை ஏறு ஏறெண்டு ஏறீற்றுது. சனம் வீட்டுக்குள்ளையே ஜக்கெற்றோடை இருந்து சோறு தின்னத் தொடங்கீற்றுது. அப்ப ஒஸ்லோவிலை தமிழரும் நோர்வேக்காரருமாய் நாங்கள் கொஞ்சப்பேர் சேர்ந்து, வருத்தக்காரர், வயது போனவை, கைக்குழந்தைக்காரர் இருக்கிற வீடுகளுக்குப் போய், குளிர் எங்காலை உள்ளை பூருதெண்டு பாத்து அடைச்சுக் குடுக்கத் தொடங்கினம். நான் பகல் முழுக்க ஒரு அலுவலகத்தைக் கழுவித் துடைச்சுப்போட்டு, பின்னேரம் ரப்பர் பட்டியும் கத்தரிக்கோலும் தூக்கிக்கொண்டு ரெயின் ஏறுவன். "உனக்கென்ன விசரே?" எண்டு என்ரை மனுசன் கேட்டவர். ஓம் எண்டனான்.

எனக்குச் சோடியாய் வந்து வாய்ச்சவர் தமிழ்நாட்டு எஞ்சினியர் ஒருத்தர். தங்கமான மனுசன், ஆனால் வாய்க்கு வாய் "மேடம்". "அண்ணை, நான் ஆருக்கு மேடம்? துடைப்பக்கட்டைக்கோ?" எண்டு கேட்டால், "சரிங்க மேடம்" எண்டுவார். இவரை என்ன செய்யிறது!

குளிர் பூருற ஓட்டையைக் கண்டுபிடிக்க மெழுகுதிரி கொளுத்தி யன்னல் விளிம்பிலை பிடிக்கச் சொல்லித்தான் எங்களுக்குப் பழக்கினவை. அது அடிக்கடி நூந்துபோம், மெழுகு வேறை சிந்தும். எனக்கு அந்தப் பொறுமை இல்லை. வீட்டிலையிருந்து ஊதுபத்திக் கட்டைக் கொண்டுபோனன். புகை எங்கை வளையுதோ, அங்கை ஓட்டை. முதல் நாள் அண்ணை பாத்திட்டு, "என்ன மேடம், ஜன்னலுக்குப் பூஜையா?" எண்டார். அடுத்த கிழமை தானும் ஒரு கட்டு வாங்கியந்தார்.

அப்பிடித்தான் வெஸ்ட்லிக்குப் போனனாங்கள். ரெயின் பாதை முடியிற இடம், பெரிய மாடிக்கட்டடம், மேல்மாடியிலை மூலை வீடு. கதவைத் திறந்தது எங்கடை ஊர்ப் பொம்பிளை ஒருத்தி, முப்பது வயதும் இராது. புருசன் தூரத்திலை, பேர்கன் நகரத்திலை வேலை, ரண்டு கிழமைக்கு ஒருக்கால்தான் வருவான். மாதம் நிரம்ப முந்தியே பிறந்திட்டுது அவளின்ரை பொம்பிளைப் பிள்ளை. சுவாசப்பை சரியாய் முத்தேல்லை. ஆஸ்பத்திரியிலை வைச்சுப் பாத்துத் தேத்திப்போட்டினம். இனி வீட்டுக்கு விடலாம். ஆனால் வீட்டைப் பாக்க வந்த நேர்ஸ், "இந்த அறைக்குள்ளை இந்தப் பிள்ளையை விடேலாது, வீடு சூடாய்க் காய்ஞ்சு இருக்கவேணும்" எண்டு சொல்லிப்போட்டுப் போயிட்டா. அடுத்த கிழமை திரும்ப வருவாவாம்.

"என்ரை பிள்ளையை எனக்குத் தரமாட்டினமோ அக்கா?" எண்டு வாசலிலை நிண்டே கேட்டாள்.

உள்ளை போனால், என்ரை ஐயோ! யன்னல் கண்ணாடியாலை தண்ணி வழியுது. அடுப்பிலை ரண்டு பெரிய பானை கொதிக்குது, ஒண்டுக்குள்ளை ஏதோ இலை வேறை. ஊதுபத்தியைக் கொளுத்தி யன்னல் யன்னலாய்ப் பிடிச்சன். புகை நட்டுவைச்ச தடி மாதிரி நேராய் நிக்குது. ஒரு துளி காத்து இல்லை. எல்லா விளிம்பையும் அவள் ஏற்கெனவே பெட்டி ஒட்டிற ரேப்பாலை ஒட்டியிருக்கிறாள். காத்தும் இல்லை, ஆனால் எலும்பு வரைக்கும் குளிருது. இதென்ன கோதாரியெண்டு எனக்கு விளங்கேல்லை.

அண்ணை கட்டிலை இழுத்தார். பின்சுவர் முழுக்கக் கரும்பூஞ்சணம். தொட்டுப் பாத்தால் சுவர் ஊறிக் கிடக்கு. பிறகு மேலை பாத்தார். இஞ்சத்தை வீடுகளிலை காத்து வந்துபோக எண்டு சுவரிலை சின்ன வாய் விட்டிருக்கும். அந்த வாயிலையெல்லாம் சீலையைச் சுருட்டித் திணிச்சு வைச்சிருந்தாள்.

அப்பதான் எனக்குப் பிடிபட்டுது. எங்கடை ஆக்களுக்குச் சளி பிடிச்சால், பிள்ளை பெத்தால், வேது பிடிப்பம். இலை அவிச்ச தண்ணியை வைச்சு, போர்வையாலை மூடிக்கொண்டு ஆவி பிடிக்கிறது. குளிருக்கு அவளுக்குத் தெரிஞ்ச மருந்து அதுதான். கரண்டுக்குப் பயந்து ஹீற்றரைக் குறைச்சுப்போட்டு, பானையைக் கொதிக்கவைச்சு, ஓட்டையெல்லாம் மூடி, முழு வீட்டுக்கும் வேது பிடிச்சிருக்கிறாள்! அந்த ஆவி குளிர்சுவரிலை பட்டுத் தண்ணியாய் ஊறி, வீடு இன்னும் குளிர்ந்துபோச்சு.

அண்ணை கதிரையிலை ஏறிச் சீலைச்சுருளை இழுத்தார். வெளியிலை உறைபனி. குபுக்கெண்டு காத்து உள்ளை விழுந்துது. அவள் ஓடிவந்து கதிரையைப் பிடிச்சாள். "ஐயோ, என்ன செய்யிறியள்! என்ரை பிள்ளையைக் குளிரிலை கொல்லப்போறியளோ?"

"பேய்க்கதை கதையாதையும்!" எண்டு நானும் கத்தினன். என்ரை வாய் அப்பிடி. "உம்மடை பிள்ளைக்காண்டித்தான் வந்து நிக்கிறம். கொஞ்சம் பொறுத்துப் பாரும்."

அவள் சுவரோடை சாய்ஞ்சு அழுதாள். நான் கையிலை மிஞ்சிக் கிடந்த ஊதுபத்தியை அந்த வாய்க்குக் கிட்டப் பிடிச்சன். புகை ஒருக்கால் தடுமாறிச்சுது. பிறகு மெல்ல அறைக்குள்ளை இறங்கி, ஹீற்றருக்கு மேலை எழும்பி, கூரையோடை போய், கதவு தாண்டி, குசினிப் புகைபோக்கிக்குள்ளை போச்சுது. நீலமாய் ஒரு மெல்லிய ஆறு, எங்கடை தலைக்கு மேலாலை. நாங்கள் மூண்டுபேரும் வாயைத் திறந்துகொண்டு பாத்தம். அண்ணைக்கு வாயிலை "மேடம்" கூட வரேல்லை. காத்தை நான் கண்ணாலை கண்டது அண்டைக்குத்தான்.

அவள்தான் முதல் கதைச்சாள். கண்ணைத் துடைச்சுக்கொண்டு, அந்தப் புகையை விட்டுப் பார்வையை எடுக்காமல், "ஆஸ்பத்திரியிலை பிள்ளை கிடக்கிற கண்ணாடிப் பெட்டிக்கும் இப்பிடித்தான் அக்கா. ஒரு பக்கத்தாலை நல்ல காத்தை விட்டு, மற்றப் பக்கத்தாலை எடுக்கினம். காத்தை அடைச்சு வைக்கேல்லை" எண்டாள்.

பிறகு அடுப்படிக்குப் போய்ப் பானைகளை இறக்கினாள்.

அந்தக் கிழமை முழுக்கப் பின்னேரத்திலை வெஸ்ட்லிதான். ரேப்பை உரிச்சுப்போட்டு யன்னலுக்கு முறையாய் ரப்பர் பட்டி ஒட்டினம். ஹீற்றரை மூடிக்கிடந்த நீளத் திரைச்சீலையை வெட்டித் தைச்சம். நான் முகத்தைச் சுத்திக் கட்டிக்கொண்டு சுவரைக் குளோரின் போட்டு உரஞ்சினன். அவள் வீட்டுக்குள்ளை உடுப்புக் காயப்போடுறதை நிலக்கீழ் அறைக்கு மாத்தினாள். பெரிய வித்தை ஒண்டுமில்லை. ஆனால் ஒவ்வொரு நாளும் கதவைத் திறக்கேக்கை வீடு வேறையாய் இருந்துது. அதே ஹீற்றர், அதே குறைச்சல் சூடு, ஆனால் காய்ஞ்ச வீடு அதைப் பிடிச்சு வைச்சிருந்துது. உள்ளங்கையைச் சுவரிலை வைச்சால் ஈரமில்லை. விரல் தடிப்பு ரப்பரும் சுவரிலை நாலு ஓட்டையும் இவ்வளவு செய்யுமோ எண்டு நான் திரும்பத் திரும்பத் தொட்டுப் பாத்தன்.

நேர்ஸ் வந்து அவவும் சுவரைத்தான் தொட்டுப் பாத்தாவாம். பிறகு சனிக்கிழமை பிள்ளையை வீட்டை கூட்டிக்கொண்டு வாங்கோ எண்டு சொல்லிப்போட்டா.

சனிக்கிழமை எங்களையும் கூப்பிட்டாள். புருசன் பேர்கனிலையிருந்து வந்திருந்தான். பிள்ளையைப் பாத்தன், என்ரை முழங்கை நீளம் இராது. ஆஸ்பத்திரியிலை பிள்ளை அழுதால் பக்கத்துக் கட்டிலுக்கே கேக்காதாம். தாய் தொப்பி, கையுறை, கம்பளிச் சட்டையெண்டு ஒவ்வொண்டாய்க் கழட்ட, அந்தச் சின்னச் சாமான் கண்ணை முழிச்சு எங்களை ஒரு பார்வை பாத்துப்போட்டு, நெஞ்சு முட்ட இழுத்து வீரிட்டுதே ஒரு வீரிடல்! அண்ணை ரண்டடி பின்வாங்கீற்றார். தேப்பன்காரன் பதறிப்போய்ப் பால்போத்திலுக்கு ஓடினான்.

அவள் அவன்ரை கையைப் பிடிச்சு நிப்பாட்டினாள். "பொறுங்கோப்பா, கத்தட்டும். காத்து வடிவாய் உள்ளை போகுது."