மலைச் சரிவில் நகர்ந்த வெளிச்சம்

காசிராஜனின் ஜீப்பில் ஒருமுறை ஏறியவர்களுக்குக்கூடத் தெரியும், கை ஸ்டியரிங்கில் இருந்தாலும் அந்த மனிதரின் வாய் சும்மா இருக்காது. விடிவதற்குள் போடிநாயக்கனூரிலிருந்து பெண்களை ஏற்றிக்கொண்டு ஏலக்காய்த் தோட்டத்துக்கு மலையேறுவார்; பொழுது சாயும்போது அவர்களைக் கொண்டுவந்து இறக்குவார். எந்த வளைவில் யானை நின்றது, மலை உச்சி மேட்டில் ஏன் இன்று மூடுபனி இல்லை, யார் தோட்டத்துக் காய்க்கு நல்ல பச்சை, எதைக் கேட்டாலும் பதில் வைத்திருப்பார். பாதி உண்மை, பாதி அவரே அவிழ்த்துவிட்டது. ‘தெரியாது’ என்ற சொல் அவர் வாயிலிருந்து வந்து யாரும் கேட்டதில்லை.

சாயங்காலம் தெருமுனையில் ஹாரன் கேட்டதும் மகள் பொன்னுமணியும் அவள் தம்பி ஜக்கையனும் ஓடிவந்து ஜீப்பில் தொற்றிக்கொள்வார்கள். “இன்னைக்கு மேல என்னப்பா பாத்தீக?” என்று அவள் கேட்பாள். அந்தக் கேள்விக்காகவே மனிதர் பகலெல்லாம் எதையாவது பார்த்து வைப்பார்.

எண்பதுகளின் பின்பாதியில் ஊருக்குள் டி.வி. வந்தது. பிள்ளைகள் அடுத்த வீட்டு ஜன்னலில் தொங்குவதைப் பொறுக்கமாட்டாமல், ரோஷப்பட்டு அவரும் ஒன்றை வாங்கி நடுவீட்டில் வைத்தார். அதே மாதம் முழுப்பரீட்சை லீவும் விட்டார்கள். வினை அங்கேதான் பிடித்தது.

முதல் நாள் ஹாரன் அடித்தார், யாரும் வரவில்லை. இன்னொரு தடவை அடித்துப் பார்த்துவிட்டு, உள்ளே போய் பிள்ளைகளுக்கு எதிரே நின்றார்.

“இன்னைக்கு மேட்டுக்கிட்ட ஒரு காட்டெருமை...”

“அப்பா, அங்கிட்டு நகருங்க. மறைக்குது.”

திரும்பிப் பார்த்தார். கண்ணாடி போட்ட ஒருவர் இந்தியில் நிதானமாக ஏதோ பேசிக்கொண்டிருந்தார்.

“என்னத்தா சொல்றான் அந்தாளு?”

“தெரியாதுப்பா.”

“பெறகு எதுக்குப் பாக்குற?”

“என்ன சொல்றாருன்னுதான் பாக்குறேன்” என்றாள் பொன்னுமணி, கண்ணை எடுக்காமல்.

காசிராஜன் மறுநாள் யாருக்கும் தெரியாமல் ஃபியூஸைப் பிடுங்கிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு மலையேறினார். திரும்பி வந்தால் வீட்டில் பிள்ளைகளே இல்லை. இலவம்பஞ்சுக் கடையில் மூட்டை தூக்கும் பக்கத்து வீட்டு அமாவாசையின் வீட்டுக்குப் போய், அங்கிருந்த டி.வி. பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். மனைவி முத்துப்பேச்சி விழுந்து விழுந்து சிரித்தாள். “நீங்க கொண்டாந்து வச்சதுதான? நீங்களே மல்லுக்கட்டுங்க.” அவர் ஃபியூஸை மாட்டினார். இவ்வளவு பெரிய ஆளுக்கு அன்று அழுகை வந்தது என்றால் நம்ப மாட்டீர்கள். வந்தது.

வைகாசியில் மேல்காற்று கிளம்பியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, தமிழ்ப் படம் ஓடிக்கொண்டிருந்தபோது ஆன்டெனாவைக் காற்று திருப்பிவிட்டது. படம் முழுக்கப் புள்ளி புள்ளியாக ஆட, காசிராஜனை மாடிக்கு விரட்டினார்கள். ஜக்கையன் வாசலில் நின்று கத்தினான்.

“இன்னும் கொஞ்சம்! ஐயோ, போயிருச்சு! இங்கிட்டுத் திருப்புங்க!”

மேலே ஆன்டெனா அசையவில்லை. தம்பி கத்தியும் படம் தெளியாததால், கோபமாக மாடியேறினாள் பொன்னுமணி.

“வெரசா திருப்புங்கப்பா! பாட்டு போயிரும்.”

“அந்தா பாரு” என்றார் அவர். கை ஆன்டெனாக் குழாயைப் பிடித்தபடி இருந்தது. கண் மட்டும் மலையில்.

இருட்டிக்கொண்டு வந்த சரிவில் ஒற்றை வெளிச்சம் நகர்ந்தது. பஸ் போகும் ரோடு அந்தப் பக்கமே இல்லை. வெளிச்சம் ஓர் இடத்தில் நின்றது, சட்டென்று மறைந்தது. கொஞ்ச நேரம் கழித்து இன்னும் கீழே முளைத்தது.

“யாருப்பா அது?”

வழக்கம்போல ஒன்றை அவிழ்த்துவிடத்தான் வாயெடுத்தார். ஒன்றும் வரவில்லை. “தெரியலயேத்தா” என்றார்.

அவள் மலையை விட்டுவிட்டு அப்பாவை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு கைப்பிடிச் சுவரில் முழங்கையை ஊன்றிக்கொண்டு நின்றுவிட்டாள். கத்தி ஓய்ந்த ஜக்கையனும் ஏறி வந்தான். கீழே டி.வி.யில் ஆடிய புள்ளிகளை முத்துப்பேச்சி தனியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் தெருமுனையிலேயே ஜீப்பை மறித்தார்கள். “என்னப்பா, விசாரிச்சீகளா?” அவர் விசாரித்திருந்தார். ஜீப்பில் வரும் கருப்பம்மாள் அது கொள்ளிவாய்ப் பிசாசு என்று சத்தியம் செய்தாள். மேட்டில் டீக்கடை வைத்திருந்த மலையாளத்துக்காரர் மரம் வெட்டும் கள்ளன் என்றார். எதையும் ஜக்கையன் ஏற்கவில்லை. பிசாசு எதற்குப் பாதியில் நிற்க வேண்டும்? கள்ளன் எதற்கு வெளிச்சம் பிடித்துக்கொண்டு வர வேண்டும்? பொழுது சாய்ந்தால் மூன்று பேரும் மாடியில்தான். அந்த நேரத்தில் பெட்டியைப் போடச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

லீவு முடியப்போகிற சமயம், மலையடிவாரத்து முந்தல் செக்போஸ்ட்டில் வைத்து விஷயம் தெரிந்துவிட்டது. வெயிலில் கழுதைகள் சுமை தாங்காது என்பதால், இலவங்காய் மூட்டைகளைப் பொழுது இறங்கிய பிறகு ஏற்றி வருகிறவர் சோணை; அவர் கையில் இருப்பது பெட்ரோமாக்ஸ் விளக்கு. பாதி வழியில் ஒரு பாறைக்குப் பின்னால் சுனை இருக்கிறது. அங்கே கழுதைகளுக்குத் தண்ணீர் காட்டுவார். அவ்வளவுதான்.

காசிராஜன் கணக்குப் போட்டுப் பார்த்தார். இதைச் சொன்னால் பிள்ளைகள் ‘இம்புட்டுத்தானா’ என்று இறங்கிப்போய்ப் பெட்டியைப் போட்டுவிடுவார்கள். வழிநெடுக வாயே திறக்கவில்லை. ஜீப்பில் இருந்த பெண்கள் அவருக்குக் காய்ச்சலோ என்று நினைத்தார்கள்.

அன்று மாடியில், ஜக்கையன் ஏறி வருவதற்குள் பொன்னுமணி கேட்டாள். “ஏதாச்சும் தெரிஞ்சுச்சாப்பா?”

“தெரியலத்தா.”

அவள் சிரித்துவிட்டாள். “பொய் சொல்றீக. சோணை மாமாவோட கழுதைதான அது? மூடை அவரு வேலை பாக்குற பஞ்சுக் கடைக்குத்தான் வருதுன்னு அமாவாசை மாமா போன வாரமே சொல்லிட்டாரு.”

“தெரிஞ்சுமா தெனமும் மேல ஏறி வந்த?”

“தெரிஞ்சுபோச்சுன்னு சொன்னா நீங்க எறங்கிப் போயிருவீகளோன்னுதான் சொல்லல.”

காசிராஜன் ஆன்டெனாக் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றார். எதிரே சரிவில் வெளிச்சம் சுனைக்குப் பக்கத்தில் வந்துவிட்டது.

“படம் தெளிவாத்தான் தெரியுது, எறங்கி வாங்க!” என்று கீழேயிருந்து முத்துப்பேச்சி கூப்பிட்டாள். அப்பாவும் மகளும் காதில் விழாத மாதிரி நின்றார்கள்.