மொக்குப் பிள்ளையின் தாய்

பெற்ற பிள்ளையை எமில்டா அக்காவைப் போல் திட்டுகிற தாயைக் கனடாவின் ஸ்காபரோ முழுக்கத் தேடினாலும் கிடையாது. மகள் செலீன் கணக்கில் தொண்ணூற்றெட்டு எடுத்து வந்தால், "ஏதோ தட்டுத்தடுமாறிப் பாஸ் பண்ணியிருக்கு, மொக்குக் கழுதை" என்பார். தாய் வாயால் புகழ்ந்தால் பிள்ளைக்குக் கண்ணூறு படும் என்பது மன்னாரிலிருந்து கொண்டுவந்த நம்பிக்கை. ஞாயிறு பூசை முடிந்ததும் கோயில் வாசலில் தாய்மார் கூடி, யாருடைய பிள்ளை பெரிய மொக்கு, படுமுட்டாள் என்று போட்டி போடுவார்கள். எமில்டா அக்காவை ஒருவராலும் வெல்ல முடியாது.

1991 மாசியில், எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை உயர்பள்ளிக்குப் பிரிக்கிற நேரம் வந்தது. பல்கலைக்கழகம் போகக்கூடியவர்களுக்கு அட்வான்ஸ்ட் பிரிவு, மற்றவர்களுக்கு ஜெனரல். வகுப்பாசிரியை மிஸ் பேக்கர் பெற்றோரைக் கூப்பிட்டார். எமில்டா அக்கா பிஸ்கட் பக்டரிக்கு லீவு போட்டுவிட்டுப் போனார். அவருக்கு ஆங்கிலம் வராது. செலீன்தான் மொழிபெயர்ப்பு.

"சரியான மொக்கு, ரீச்சர். சோம்பேறி. நாலு அடி போட்டுப் படிப்பியுங்கோ" என்றார், உள்ளுக்குள் பூரித்துக்கொண்டு. பொய் சொல்லக்கூடாது என்று வளர்க்கப்பட்ட பிள்ளை, அடியை மட்டும் விட்டுவிட்டு மிச்சத்தை அப்படியே சொன்னது.

எங்கள் ஊர் ஆசிரியை என்றால், "சும்மா இருங்கோ, உங்கட பிள்ளை கெட்டிக்காரி" என்று மறுத்திருப்பார். மறுப்பது அவர் கடமை. மிஸ் பேக்கர் மறுக்கவில்லை. குறித்துக்கொண்டார்.

இரண்டு கிழமையில் கடிதம் வந்தது. செலீனுக்கு ஜெனரல். எமில்டா அக்கா அழுதுகொண்டு என் கதவைத் தட்டினார். நான் அதே கட்டடத்தில் குடியிருந்தவன், கார் வைத்திருந்த பாவி. "தம்பி, நானே என்ர பிள்ளையைக் குழியில தள்ளிப்போட்டன்" என்றார்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. வெள்ளைக்காரத் தாய் தன் பிள்ளையைக் கெட்டிக்காரி என்றால் அந்த ரீச்சர் மனுசி பாதியைக் கழித்துத்தான் கேட்டிருக்கும். எங்கட தாய் மொக்கு என்றதும் முழுசாக நம்பிவிட்டது.

மறுநாள் மூவரும் போனோம். மிஸ் பேக்கர் கனிவாகத்தான் பேசினார். "உங்கள் நாட்டுப் பிள்ளைகள் ஜெனரலில் சந்தோஷமாக இருக்கிறார்கள்" என்றார். நான் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

எமில்டா அக்கா வாயைத் திறந்தார். கண்ணூறுப் பயம் வந்திருக்கவேண்டும். நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு தொடங்கினார்.

"என்ர பிள்ளை கெட்டிக்காரி. ஊரில ஷெல் அடிக்கேக்க பங்கருக்குள்ள இருந்தும் கணக்குச் செய்தவள். ரெண்டு வருசத்தில இங்கிலீஸ் படிச்சவள். நான் வேலையால வாறதுக்கு முன்னம் சமைச்சு வைச்சிட்டுப் படிக்கிறவள். எங்கட பரம்பரையில இப்பிடி ஒரு பிள்ளை பிறக்கேல்லை." ஐந்து நிமிடம் மூச்சு விடவில்லை.

மிஸ் பேக்கர் செலீனைப் பார்த்தார். செலீன் தலையைக் குனிந்துகொண்டு ஆங்கிலத்தில் சொன்னாள்: "நான் பரவாயில்லை என்று அம்மா சொல்கிறார்."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பிறகு நானே ஒரு சொல் விடாமல் எடுத்துச் சொன்னேன். மிஸ் பேக்கர் புள்ளித்தாளை முதல்முறை பார்ப்பவர் போல் பார்த்தார். முகம் சிவந்தது. ஜெனரலை வெட்டிவிட்டு அட்வான்ஸ்ட் என்று எழுதினார்.

காரில் ஏறியதும் பின்சீற்றில் செலீன் விம்மி அழத் தொடங்கினாள்.

"அதுதான் கிடைச்சிட்டுதே, பிறகேன் அழுறாய்?" என்றார் எமில்டா அக்கா.

"நான் உண்மையா மொக்கு எண்டுதான் இவ்வளவு நாளும் நினைச்சனான், அம்மா."

எமில்டா அக்கா கதவைத் திறந்தார். முன்சீற்றிலிருந்து இறங்கி, பின்னால் போய் மகளுக்குப் பக்கத்தில் ஏறிக்கொண்டார்.