ஆறு நாற்காலி, ஆறு பெட்டி

செஞ்சியில் அஜித்நாதனின் ரைஸ்மில்லில் எடைமேடை பார்க்கும் அறிவுமதிக்கு ஏழு வருடமாக நாற்காலி கிடையாது. எம்.சி.ஏ. படித்தவள். சிங்கவரத்திலிருந்து சைக்கிளில் வருவாள், லாரி வந்தால் எடை எடுப்பாள், வராவிட்டால் ஏன் வரவில்லை என்று போன் போடுவாள். மில்லை ஓட்டியதே அந்தப் போன்தான். ஆபீசில் இருந்த ஒருவருக்கும் அது தெரியாது.

சென்னையிலிருந்து சதீஷ் என்ற ஆலோசகர் வந்திறங்கினார். ஒரு தொழில் முழுவதையும் ஒரே தாளில் பெட்டி பெட்டியாக வரைந்து காட்டுவது அவர் பிழைப்பு. மூன்று நாள் பயிற்சி, தினமும் போண்டா. முதல் பாடம் என்னவோ அருமையான பாடம்தான்: "தொழிலுக்கு என்னென்ன செய்யத் தெரியணும்னு எழுதுங்க. யார் செய்யறாங்கன்னு எழுதாதீங்க." கதவோரம் நின்று கேட்ட அறிவுமதி அதை மனதில் குறித்துக்கொண்டாள். சொன்னவர் மறந்துவிட்டார். ஆபீசில் ஆறு நாற்காலி, அவர் வரைந்த படத்தில் ஆறு பெட்டி. கொள்முதல், கணக்கு, விற்பனை என்று நாற்காலியை எண்ணியே பெட்டி போட்டிருந்தார்.

"எடைக்கு ஆட்டோமேட்டிக் மெஷின் வெச்சிடலாம். அடுத்த மாசத்துலேருந்து அந்தப் பொண்ணு தேவையில்ல," என்றார் சதீஷ். அஜித்நாதன் தலையாட்டினார். கலர் கலராக அச்சடித்த தாளைப் பார்த்தால் முதலாளிமார்களுக்குத் தலை தானாகவே ஆடும்.

"சார், வண்டிய வரவைக்கிற வேலைக்குப் பெட்டியே இல்லியே?" என்றாள் அறிவுமதி.

"அது கொள்முதல்லயே அடங்கிடும்மா. இனிமே போனெல்லாம் விநாயகம் பாத்துப்பாரு."

விநாயகம் கொள்முதல் நாற்காலிக்காரர். அறிவுமதி போன் நம்பர் நோட்டை அவர் மேஜையில் வைத்துவிட்டு எடைமேடைக்குத் திரும்பினாள்.

அமாவாசை வந்தது. ஸ்பெஷல் பஸ்ஸும் அம்மன் கோயில் கூட்டமுமாக மேல்மலையனூர் சாலை அடைத்துக்கொள்ளும் நாள். அந்தப் பக்கத்து நெல்லை இரண்டு நாள் முன்னதாகவே ஏற்றிவிடச் சொல்லி மாதாமாதம் போன் போட்டவள் அறிவுமதி. இந்த முறை போட வேண்டிய விநாயகம் லீவு போட்டுக் குடும்பத்தோடு அதே கோயிலுக்குக் கிளம்பிவிட்டார். பதினோரு லாரி வழியில் நின்றது. பாய்லரைப் பற்றவைத்துவிட்டு மில் நாள் முழுக்கச் சும்மா கிடந்தது.

மறுநாள் அஜித்நாதன் கத்தித் தீர்த்தார். சதீஷ் அசரவில்லை. ஏழாவதாக ஒரு பெட்டி போட்டு அதற்குள் 'அறிவுமதி' என்று எழுதினார். தன் முதல் பாடத்தைத் தானே இரண்டாம் முறையும் காற்றில் பறக்கவிட்ட மேதை!

அவள் பேனாவை வாங்கித் தன் பெயரை அடித்துவிட்டு, 'நெல் வரும் நாளையும் வழியையும் முடிவு செய்தல்' என்று எழுதினாள்.

"பெட்டிக்குள்ள ஆள் பேரு இருந்தா, நான் ஜொரத்துல படுத்தா மில்லும் படுத்துக்கும் சார். வேலைய எழுதணும். யாரு பாக்கறாங்கன்னு வெளிய எழுதிக்கலாம். நீங்க சொன்னதுதான்."

சதீஷ் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். அஜித்நாதனே பேனாவை வாங்கிப் பெட்டிக்கு வெளியே அவள் பெயரை எழுதினார். அவள் நகரவில்லை.

"வேலைதான் நிலைச்சிடுச்சே, இன்னும் இன்னாம்மா?"

"பெட்டி வந்துடுச்சி முதலாளி. நாற்காலி எப்ப வரும்?"