“ஆகு” என்று கத்திய முனிரத்தினம்

திருப்பதி லினக்ஸ் குழு நண்பர்களே, “முனிரத்தினம் போயிட்டார்” என்று போன வாரம் செய்தி வந்ததும், எந்த ஊருக்கு என்றுதான் கேட்டேன். நம் ஆட்கள் போவதென்றால் பெங்களூருக்கோ அமெரிக்காவுக்கோதானே! அவர் எங்கும் போகாதவர் என்பது பிறகுதான் உறைத்தது.

சித்தூர் பக்கம் பங்காருபாளையத்து மாம்பழக்கூழ் தொழிற்சாலையில் நான் கம்ப்யூட்டர் வேலைக்குச் சேர்ந்த புதிது. எங்கள் வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்து சம்பளம் வாங்கிய முதல் ஆள் நான்தான். நைனா ஊரெல்லாம் சொல்லிவிட்டார். எனக்கோ டைப்பிங் மட்டும்தான் தெரியும். சீசன் பழம் வருவதற்குள் ஆபீஸ் கம்ப்யூட்டரில் லினக்ஸ் ஓடாவிட்டால் வேறு ஆள் பார்த்துக்கொள்வதாக முதலாளி சொல்லிவிட்டார். இணையக் குழு ஒன்றில் உதவி கேட்டேன். முதலில் கையேட்டைப் படி என்றார் ஒருவர். இது குழந்தைகள் வரும் இடமில்லை என்றார் இன்னொருவர். அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. மூன்றாவது பதிலில் ஒரு தொலைபேசி எண் இருந்தது. திரையில் இருப்பதை ஒரு எழுத்து விடாமல் படித்துச் சொல்லுங்கள் என்று எழுதியிருந்தார் முனிரத்தினம். திருப்பதியில் ஒரு கல்லூரி லேபில் உதவியாளர், ஏறக்குறைய என் வயதுதான்.

போனில் அவர் சொல்லச் சொல்ல நான் தட்டினேன். அவர் வீட்டில் தெலுங்கு; எனக்காகத் தமிழில் பேசினார். டிஸ்க்கில் ஒரு பகுதியை அழிக்கும் இடம் வந்தது. நான் தேர்ந்தெடுத்திருந்ததைப் படித்துக் காட்டிவிட்டு, “என்டர் தட்டினா ஆவுமா?” என்று கேட்டேன்.

“ஆகு!” என்று கத்தினார்.

தட்டிவிட்டேன். தெலுங்கில் ‘ஆகு’ என்றால் நில். எனக்கும் தெலுங்கு நன்றாகவே தெரியும், ஆனால் தமிழில் கேட்ட காது அதை ‘ஆகும்’ என்றே வாங்கிக்கொண்டது. அந்த டிஸ்க்கில் நான் நான்கு நாள் உட்கார்ந்து ஏற்றிய, பழம் தரும் விவசாயிகள் பட்டியல் மொத்தமும் போயே போச்சு.

மறுநாள் காலை சித்தூரில் பஸ் மாறி மனிதர் வந்து நின்றார். நேராக முதலாளியிடம் போய், “தப்பு என்னுது சார். அந்தம்மா நான் சொன்னதைத்தான் பண்ணாங்க” என்றார். அதற்குப் பிறகும் கீபோர்டை அவர் தொடவில்லை. தான் தட்டினால் பழக்கம் தனக்குத்தான் வரும், எனக்கு வராது என்றார். நோட்டில் இருந்த பட்டியலை அவர் வாசிக்க வாசிக்க நான் மறுபடி ஏற்றினேன். சாயங்காலம் லினக்ஸ் ஓடியது பாருங்கள், நாற்காலியை விட்டுக் குதித்துவிட்டேன்! அவரும்தான்.

வேலை நிலைத்தது. அந்த அனுபவத்தை வைத்து நானும் பெங்களூர் போனேன். அவர் திருப்பதியிலேயே இருந்துகொண்டு, நம் குழுவுக்குக் கேள்வியோடு வந்தவர்களுக்கெல்லாம் பதில் எழுதினார். ஒரே கேள்விக்கு எத்தனை தடவைதான் பதில் சொல்வீர்கள் என்று ஒருமுறை சிடுசிடுத்தேன். “எனக்குத்தாம்மா பழசு. கேக்கிறவங்களுக்கு மொத தடவை” என்றார்.

செய்தி வந்த அன்று, நம் குழுவில் அஞ்சலிகளுக்கு நடுவே பலமனேரிலிருந்து ஒரு பெண் எழுதியிருந்தாள்: திரை கறுப்பாகிவிட்டது, அற்பக் கேள்வி, மன்னிக்கவும், முனிரத்தினம் சார் இருக்கிறாரா? யாரும் பதில் எழுதவில்லை. நான் எழுதினேன்: “அவர் இல்லைம்மா. நான் இருக்கேன்.” அன்று மாலைக்குள் அவள் திரை உயிர்பெற்றுவிட்டது!

முனிரத்தினத்திடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அவருடைய இந்த வேலையை. இனிப் புதிதாக யார் வந்தாலும் என்னிடம் அனுப்புங்கள்.